அத்தியாயம் 6: குறிச்சி முதியோருக்கு மாதாந்த உணவுப் பொதி – நீங்களே நடத்துவது எப்படி?

நோன்பு காலத்தில் மருதமுனையில் கஞ்சி போகாத வாசல் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சியும் அப்படித்தான். மற்ற மாதங்களில் அதே வீடுகளில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க ஆளில்லை. தறியில் கூலிக்குச் சாறன் நெய்தவர், கரைவலை இழுத்தவர், அடுத்தவர் வயலில் வேலை செய்தவர் என்று நம்மூர் முதியோரில் பலருக்கு ஓய்வூதியம் கிடையாது. கை ஓய்ந்த அன்றோடு வருமானமும் நின்றுவிடும். அந்த மற்ற மாதங்களில் ஒரு குறிச்சி என்ன செய்யலாம் என்பதையே இந்த அத்தியாயம் சொல்கிறது.

ஒரு விதியை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் உரிமை, பிறகு பொதி. அரசிடமிருந்து மாதாமாதம் வரவேண்டிய பணத்தை ஒரு முதியவருக்கு எடுத்துக் கொடுத்தால் அது தொடர்ந்து வரும். நீங்கள் கொடுக்கும் பொதி பதினைந்து நாளில் முடிந்துவிடும். அதனால் பொதி கட்டும் வேலைக்கு முன்னால் படிவம் நிரப்பும் வேலையை முடியுங்கள்.

## தேவையானவை

- மூன்று பேர்: கணக்குக்கு ஒருவர், கொள்வனவுக்கு ஒருவர், வீடுகளுக்குப் போக ஒருவர். வீடுகளுக்குப் போகிறவர் பெண்ணாக இருப்பது நல்லது. தனியே இருக்கும் விதவைகளிடமும் இத்தாவில் இருப்பவர்களிடமும் பெண்கள்தான் அடுப்படிவரை போய்ப் பேச முடியும்.
- இரண்டு கொப்பிகள்: ஒன்று ஆட்களின் விபரத்துக்கு, மற்றது பணத்துக்கு.
- ஒரு தராசு, ஈரம் ஏறாத ஓர் அறை, சாக்கு அடுக்க மரப்பலகைகள்.

முதல் மாதம் பத்துப் பேருக்கு மேல் எடுக்காதீர்கள். ஐம்பது பேருக்குத் தொடங்கி மூன்றாம் மாதம் நிறுத்துவதைவிடப் பத்துப் பேருக்கு வருடம் முழுக்கக் கொடுப்பது மேல்.

## படி 1: பட்டியல் எடுத்தல்

1. பள்ளிவாசல் நிர்வாகம், கிராம உத்தியோகத்தர், அந்தப் பிரிவின் முதியோர் சங்கம் ஆகிய மூன்று இடங்களிலும் பெயர்களைக் கேளுங்கள். மூன்றிலும் இல்லாத பெயர்கள் சில்லறைக் கடைக்காரரிடம் இருக்கும். யார் கடனுக்கு அரைக் கிலோ அரிசி வாங்குகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.
2. வீட்டுக்குள் மறைந்திருப்பவர்களைத் தேடுங்கள். நம் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போய்விடும். உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் ஒரு பத்தியில் ஒதுங்குவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மாடி வீடு, பின்பக்கம் போனால் தனி அடுப்பு. அந்தத் தனி அடுப்பைக் கண்டால் பெயரை எழுதுங்கள்.
3. “சாப்பாட்டுக்கு வழி இருக்கா?” என்று கேட்காதீர்கள். “அல்ஹம்துலில்லாஹ், இருக்கு மகள்” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். உட்கார்ந்து பேசிவிட்டு, “மூத்தம்மா, நேத்து ராவைக்கு என்ன சாப்பிட்டீங்க? இண்டைக்குப் பகலைக்கு என்ன ஆணம்?” என்று கேளுங்கள். இரண்டு நேரமும் பிளேன்ரீயும் பிஸ்கட்டும் என்று பதில் வந்தால், கேட்கவேண்டியதைக் கேட்டாயிற்று.
4. ஒவ்வொருவருக்கும் இவற்றைக் குறியுங்கள்: வயது, யாருடன் இருக்கிறார், யார் சமைக்கிறார், பல் இருக்கிறதா, என்ன நோய், எந்தக் கொடுப்பனவு வருகிறது, அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது.

உதவிக்குறிப்பு: வயதை அடையாள அட்டையிலேயே பார்க்கலாம். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். 52 என்று தொடங்கினால் 1952. அடுத்த மூன்று இலக்கங்கள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய அட்டையில் முதல் நான்கு இலக்கங்களே வருடம்.

## படி 2: உரிமையை எடுத்துக் கொடுத்தல்

பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் பின்வருவனவற்றை இதே ஒழுங்கில் பாருங்கள்.

1. முதியோர் கொடுப்பனவு. 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த முதியோருக்கு உரியது. 2025 ஏப்ரல் முதல் இது 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்ந்தது. 70 வயது எப்போது நிறைகிறது என்று கொப்பியில் குறித்து, அதற்கு முந்திய மாதமே கிராம உத்தியோகத்தரிடம் அழைத்துப் போங்கள். பணம் வங்கிக்கு வருமா, தபாலகத்துக்கு வருமா என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. அஸ்வெசும. 2023 ஜூலையில் தொடங்கிய அரச நலன்புரித் திட்டம். குடும்பத்தை ஓர் அலகாக எடுத்து, கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய 6 துறைகளில் 22 குறிகாட்டிகளைப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாவும், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் கொடுக்கப்படுகிறது. சமுர்த்தி வாங்கியவர் தானாகவே இதற்குள் வந்திருப்பார் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் தள்ளுபடியானால் மேன்முறையீடு உண்டு. கல்முனைப் பிரதேச செயலகத்தில் நலன்புரி நன்மைகள் பிரிவில் விசாரியுங்கள்.

3. நோயாளர், மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு. சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கொடுப்பனவு இருக்கிறது. கிளினிக் கொப்பியையும் வைத்தியச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள்.

4. ஓய்வூதியத் திட்டங்கள். விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டங்கள் இருந்தன. “எப்பவாவது காசு கட்டினீங்களா? துண்டு ஏதும் இருக்கா?” என்று கேளுங்கள். பெட்டிக்கு அடியில் கிடக்கும் பழைய பற்றுச்சீட்டுக்கும் பயன் இருக்கலாம்.

5. பிள்ளைகளின் பொறுப்பு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவு கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். இது கடைசி வழி. பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பள்ளிவாசலில் பேசிப் பார்த்த பிறகு, அந்த முதியவர் விரும்பினால் மட்டும், பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அழைத்துப் போங்கள்.

### பத்திரம் இல்லாதவர்களுக்கு

2004 சுனாமி நம் கரையில் வீடுகளோடு பத்திரங்களையும் கொண்டுபோனது. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி கேட்கலாம். பிறப்பே பதியப்படாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வழி உண்டு. இந்த வேலை இழுபடும். ஒருவரைப் பொறுப்பாக விட்டு, எந்தத் தேதியில் எந்த மேசையில் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

### பணப் பாதுகாப்பு

- படிவம் நிரப்பிக் கொடுக்க முதியவரிடம் ஒரு சதமும் வாங்காதீர்கள்; வாங்குகிறவரிடம் அனுப்பவும் வேண்டாம்.
- வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் நீங்கள் வைத்திருக்காதீர்கள். “நானே எடுத்துத் தாறேன்” என்று அட்டையை வாங்கி வைத்திருப்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் மாதம் ஒருமுறை புத்தகத்தில் மீதியைப் பாருங்கள்.
- தொலைபேசியில் இலக்கம் கேட்பவர் எவராக இருந்தாலும் சொல்லவேண்டாம் என்று முதியவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள்.

## படி 3: பணம் சேர்த்தல்

1. ஸகாத்தையும் ஸதக்காவையும் கலக்காதீர்கள். ஸகாத் பெறத் தகுதியானவர்கள் வரையறுக்கப்பட்டவர்கள். தன் உம்மா வாப்பாவுக்கு ஒருவர் ஸகாத் கொடுக்க முடியாது. அது அவர் மீது ஏற்கெனவே உள்ள கடமை. ஸகாத்தைப் பணமாகவா பொருளாகவா கொடுப்பது என்பதை ஊர் உலமாவிடம் கேட்டு, அவர் சொன்னதைக் கொப்பியில் எழுதுங்கள்.
2. பித்யாவை மறக்காதீர்கள். முதுமையாலோ தீராத நோயாலோ நோன்பு பிடிக்க முடியாதவர்கள் ஒவ்வொரு நோன்புக்கும் ஏழைக்குக் கொடுக்கும் உணவு அது. நோன்பு மாதத்தில் இதை அரிசியாகவே சேர்த்தால் அடுத்த மாதங்களுக்குக் கையிருப்பு ஆகும்.
3. மாதச் சந்தா. பெரிய தொகை ஒருமுறை கொடுப்பவரைவிட, சிறு தொகை மாதாமாதம் கொடுக்கும் இருபது வீடுகள் உங்களுக்கு முக்கியம். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளிடமும் இதையே கேளுங்கள்.
4. இரண்டு கையெழுத்து. எந்தச் செலவுக்கும் இருவர் ஒப்பமிட வேண்டும். மாத முடிவில் வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். பெறுபவர்களின் பெயர்கள் அதில் வரக்கூடாது, எண்ணிக்கை போதும்.

அயல் தமிழ் ஊர்களான பாண்டிருப்பிலும் பெரியநீலாவணையிலும் பட்டினி கிடக்கும் முதியவர்களைக் கண்டால் ஸதக்காப் பணத்திலிருந்து தாராளமாகக் கொடுங்கள். அவர்கள் மரக்கறி நாட்களைக் கேட்டு, அதற்கேற்பப் பொதியை மாற்றுங்கள்.

## படி 4: பொதியில் என்ன வைப்பது?

விலை மாறிக்கொண்டே இருக்கும், அளவை மாற்றாதீர்கள். ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு:

- அரிசி – 6 கிலோ
- மைசூர்ப் பருப்பு – 1 கிலோ
- பயறு, கௌபி, கடலை கலந்து – 1 கிலோ
- முட்டை – 15
- நெத்தலிக் கருவாடு – 250 கிராம்
- பால்மா – 400 கிராம்
- தேங்காய் – 8
- தேங்காய் எண்ணெய் – அரை லீற்றர்
- தேயிலை – 200 கிராம்
- சீனி – அரைக் கிலோ (நீரிழிவு உள்ளவருக்கு வேண்டாம்)
- அயடின் உப்பு – 400 கிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை
- மரக்கறி, மீன் வாங்க ஒரு கடைத் துண்டு (அதைக் காட்டிக் கடையில் பொருள் எடுக்கலாம்)

இந்த அளவு எப்படி வந்தது என்று ஒரு சின்னக் கணக்கு. வயதானவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். மேலே உள்ள பொதி சுமார் 40 கிராம்தான் தரும். மிச்சத்தைக் கிழமைக்கு நான்கு நாள் 100 கிராம் அளவு மீன் ஈடுகட்டும். அதனால் மீனுக்கான துண்டை ஆடம்பரம் என்று வெட்டிவிடாதீர்கள். பொதிகளில் வழக்கமாக நடக்கும் பிழையே அரிசியையும் சீனியையும் மாவையும் கூட்டிப் பருப்பையும் முட்டையையும் குறைப்பதுதான். வயிறு நிறையும், கைகால் சோர்ந்து, எழுந்து நடக்க முடியாமல் போகும்.

கொள்வனவுக் குறிப்புகள்

- பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் அரிசியைச் சேர்த்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல் அடுக்கி வைக்கவேண்டாம், வண்டு விழும்.
- சாக்குகளைச் சுவரிலிருந்து தள்ளிப் பலகைமேல் வையுங்கள்.
- பூஞ்சணம் பிடித்த கடலை, செத்தல் மிளகாய், கொப்பரையைக் கழுவி வெயிலில் காயவைத்து மீட்க முடியாது. அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். வீசிவிடுங்கள்.
- கார்த்திகை, மார்கழி வாடைக் காலத்தில் கடல் அடிக்கும், மழைக்குப் பாதையும் மூடும். ஐப்பசியிலேயே ஒரு மேலதிகப் பொதியைக் கொடுத்துவிடுங்கள். அந்த மாதங்களில் மீனுக்கான கடைத் துண்டுக்குப் பதிலாக முட்டையைக் கூட்டுங்கள்.

## படி 5: ஆளுக்கேற்ப மாற்றுதல்

பல் இல்லாதவர்: கடலை, கௌபிக்குப் பதிலாகப் பயறும் பருப்பும். நெத்தலியை வறுத்து இடித்துத் தூளாகக் கொடுங்கள். கஞ்சியிலும் பருப்பிலும் கலந்து சாப்பிடலாம்.

நீரிழிவு உள்ளவர்: சீனியும் பிஸ்கட்டும் வேண்டாம். சிவப்பரிசி நல்லது, ஆனால் அளவு கூடினால் அதுவும் சீனியைக் கூட்டும். அரிசியை 5 கிலோவாக்கிப் பயறைக் கூட்டுங்கள்.

பிரஷர் உள்ளவர்: கருவாட்டைக் குறைத்து முட்டையைக் கூட்டுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு, அதாவது 5 கிராமுக்குள் இருக்கவேண்டும். கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து, நீரை ஊற்றிவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள்.

சிறுநீரக நோயாளர்: பருப்பு, மீன், கீரை, பழம் எதையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கிளினிக்கில் டொக்டர் சொன்ன அளவைக் கேட்டுப் பொதி கட்டுங்கள்.

சமைக்க முடியாதவர்: உலர் பொதி கொடுப்பதில் பயன் இல்லை. அடுத்த படிக்குப் போங்கள்.

## படி 6: சமைத்த சாப்பாடு

1. கண் தெரியாதவர், படுக்கையில் இருப்பவர், கை நடுங்குபவர் ஆகியோரை மட்டும் இதற்கு எடுங்கள்.
2. ஒருவருக்குப் பக்கத்து வீடுகள் ஏழு. ஒரு வீட்டுக்குக் கிழமையில் ஒரு நாள். தங்கள் உலையில் ஒரு பிடி கூட்டிப் போட்டால் போதும்.
3. மூடியுள்ள ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகள் வாங்கிக் கொடுங்கள். ஒன்று போகும்போது மற்றது திரும்பும்.
4. சுடச்சுட அனுப்புங்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டும். பகல் சோற்றை இரவுக்கு எடுத்துவைக்க விடாதீர்கள். வெளியில் கிடக்கும் சோற்றில் உண்டாகும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.
5. மீனில் முள் எடுத்து அனுப்புங்கள்.

எச்சரிக்கை: விலை குறைவு என்று வெயிலில் கிடந்த சூரை மீனைத் தர்மத்துக்கு வாங்காதீர்கள். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையில் உருவாகும் ஹிஸ்டமின் சமைத்தாலும் அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, சொறிந்து, தலையிடித்து, நெஞ்சு படபடக்கும். நீங்கள் சாப்பிடத் தயங்கும் மீன் பொதிக்கும் ஆகாது.

## படி 7: கொடுக்கும் முறை

- பொதியை மாதம் இருமுறையாகப் பிரித்துக் கொடுங்கள். முட்டை பழுதாகாது, தூக்கவும் இலகு. இரண்டு தடவை ஆளையும் பார்த்ததாகும்.
- வரிசையில் நிற்க வைக்காதீர்கள். மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கே கொண்டுபோய் அடுப்படியில் இறக்கி வையுங்கள்.
- புகைப்படம், பதாகை, முகநூல் வேண்டாம். பணம் தந்தவர் படம் கேட்டால் பொதியை மட்டும் எடுத்து அனுப்புங்கள்.
- சாதாரணக் கடைப் பையில் போடுங்கள். யாரோ சொந்தக்காரர் சாமான் வாங்கிக் கொடுத்தது போலவே இருக்கட்டும்.
- பொதி வரத் தொடங்கியதும் மகனோ மகளோ கொடுத்துவந்ததை நிறுத்துகிறார்களா என்று கவனியுங்கள். நிறுத்தினால் நேரே பேசுங்கள்; பொதியை நிறுத்தி முதியவரைத் தண்டிக்காதீர்கள்.

## உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வீடுகளுக்குப் போகிறவர் இவற்றை மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும்.

- எடை இறங்குதல்: 50 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள். தராசு இல்லையென்றால் காப்பு கழன்று விழுவதையும் உடுப்பு தொளதொளப்பதையும் பாருங்கள்.
- விழுங்கச் சிரமம்: தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பாட்டுக்குப் பின் குரல் ஈரமாகக் கரகரத்தல். பாரிசவாதம் வந்தவர்களிடம் இது அதிகம். படுத்த நிலையில் ஊட்டாதீர்கள். வைத்தியர் பார்க்கும்வரை நிமிர்த்தி இருத்திச் சிறுகச் சிறுகக் கொடுங்கள்.
- சீனி இறங்குதல்: நீரிழிவு மருந்து எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவருக்கு வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.
- நோன்பு: இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுக்கும் முதியவர் நோன்பு பிடிக்கப் போகிறார் என்றால், தலைநோன்புக்கு முன்னரே கிளினிக்கில் கேட்க வையுங்கள்.

## மாத வேலை அட்டவணை

1. முதல் கிழமை: சந்தா சேர்த்தல், கொள்வனவு, முதல் பொதி.
2. இரண்டாம் கிழமை: படிவ வேலை, பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள்.
3. மூன்றாம் கிழமை: இரண்டாம் பொதி. அதே நேரம் உடல்நிலை, மருந்து, கொடுப்பனவு வந்ததா என்று விசாரித்தல்.
4. நான்காம் கிழமை: கணக்கு முடித்துப் பலகையில் ஒட்டுதல். மௌத்தானவர், இடம் மாறியவர், புதியவர் என்று பட்டியலைத் திருத்துதல்.

மூன்று மாதம் முடிந்ததும் கொப்பியில் ஒரு விடயத்தைப் பாருங்கள்: நீங்கள் தொடங்கும்போது கொடுப்பனவு வராமல் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு இப்போது வருகிறது? அந்த எண்ணிக்கை கூடாமல் பொதிகள் மட்டும் கூடியிருந்தால், வேலையின் பாதி இன்னும் கிடக்கிறது என்று பொருள். அடுத்த கிழமையே ஒருவரை அழைத்துக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறுங்கள்.